உண்பதும் உடலிற் சேர்வதும்



திருக்குறளின் 95ஆவது அதிகாரத்தின் பெயர் 'மருந்து'. அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி உணவைப் பற்றியே பேசுகின்றது. முன்னர் உண்டது சமித்ததை அறிந்து, அளவோடு உண்பவனுக்கு மருந்தே வேண்டியதில்லை என்பது வள்ளுவர் கூறும் கருத்து. உண்ட உணவு சமித்து உடலிற் சேர்ந்தால்தான் அதனாற் பயனுண்டு.

உடலைப் பற்றித் தமிழிலே கற்பது எமக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். உடலியல் நூல்களையும் தமிழாக்கித் தந்தார். நாமும் அவ்வழியில், சோறும் பருப்பும் மீன்குழம்பும் சேர்ந்த ஒரு பிடி உணவைப் பின்தொடர்ந்து செல்வோம்.

வாயும் இரைப்பையும்

சமிபாடு வாயிலேயே தொடங்கிவிடுகின்றது. பற்கள் உணவை அரைக்கின்றன. உமிழ்நீரிலுள்ள அமைலேசு என்னும் நொதியம் சோற்றிலுள்ள மாப்பொருளைச் சிறிய வெல்லங்களாக உடைக்கத் தொடங்குகின்றது. இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கறி சேர்க்காத வெறுஞ்சோற்றை வாயிலிட்டு ஒரு நிமிடம் நன்றாக மென்றுகொண்டிருங்கள். மெல்ல இனிப்புச் சுவை தோன்றும்.

விழுங்கிய உணவு ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமான களத்தினூடாக இரைப்பையை அடைகின்றது. களத்தின் தசைகள் அலைபோலச் சுருங்கி விரிந்து உணவைத் தள்ளுகின்றன. ஆதலால் படுத்திருந்தாலும் விழுங்கிய உணவு இரைப்பைக்கே செல்லும்.

இரைப்பையில் ஐதரோகுளோரிக்கமிலம் சுரக்கின்றது. அது கிருமிகள் பலவற்றை அழிக்கின்றது. பெப்சின் என்னும் நொதியம் அந்த அமிலத்தின் துணையுடன் மீனிலும் பருப்பிலுமுள்ள புரதத்தைச் சமிக்கச் செய்கின்றது. சில மணி நேரத்தில் உணவு கூழாகிச் சிறுகுடலுக்குட் செல்கின்றது.

சிறுகுடல் என்னும் வாசல்

ஈரலில் உண்டாகிப் பித்தப்பையிற் சேரும் பித்தநீரும், சதையி சுரக்கும் நொதியங்களும் இங்கே உணவுடன் கலக்கின்றன. சவர்க்காரம் எண்ணெய்ப் பிசுக்கைச் சிதறச் செய்வதைப் போலப் பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாக்குகின்றது. இறுதியில் மாப்பொருள் குளுக்கோசாகவும், புரதம் அமினோ அமிலங்களாகவும், கொழுப்பு கொழுப்பமிலங்கள் முதலியனவாகவும் மாறுகின்றன.

சிறுகுடலின் உட்சுவரில் விரல்போன்ற நுண்ணிய சடைமுளைகள் எண்ணிறந்தன உள்ளன. இவையே சத்துக்களை அகத்துறிஞ்சுகின்றன. குடலின் உட்பரப்பு ஒரு ரெனிஸ் மைதானத்தின் அளவுடையது என்று பழைய பாடநூல்கள் கூறின. சுவீடனின் கோதன்பேர்க் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, சமிபாட்டுக் கால்வாயின் உட்பரப்பு ஏறத்தாழ 32 சதுர மீற்றர். இது ஒரு பட்மின்ரன் மைதானத்தின் பாதிக்குச் சற்றே குறைவு. இத்தனை பரப்பும் எமது வயிற்றுக்குள் மடிந்து அடங்கியிருப்பது வியப்பன்றோ!

குளுக்கோசும் அமினோ அமிலங்களும் குருதியிற் கலந்து முதலில் ஈரலுக்குச் செல்கின்றன. கொழுப்பும் அதிற் கரையும் விற்றமின்களும் நிணநீர் வழியாகச் சென்று பின்னரே குருதியை அடைகின்றன. எஞ்சியவற்றிலுள்ள நீரைப் பெருங்குடல் உறிஞ்சுகின்றது.

துணையும் தடையும்

ஓர் உணவின் சத்து உடலிற் சேருமா என்பது, அதனுடன் வேறு எதனை உட்கொள்கின்றோம் என்பதிலும் தங்கியுள்ளது. கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்புச்சத்து எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. தேசிக்காய்ப்புளியிலுள்ள விற்றமின் சி அதற்குத் துணைசெய்யும். சாப்பாட்டுடன் அருந்தும் தேநீரோ அதற்குத் தடையாகும். எனவே சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துத் தேநீர் அருந்துவது நன்று. வளரும் பெண்பிள்ளைகளும் தாய்மாரும் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

பாலிலுள்ள வெல்லமாகிய இலக்டோசைச் சமிக்கச் செய்ய இலக்டேசு என்னும் நொதியம் வேண்டும். நோர்வே மக்களிற் பெரும்பாலானோருக்கு அது வாழ்நாள் முழுவதும் போதிய அளவு சுரக்கின்றது. எம்மவர் பலருக்கு வயது ஏற ஏறக் குறைகின்றது. பால் குடித்தபின் சிலருக்கு வயிறு ஊதுவதற்கு இதுவே காரணம். இத்தகையோர் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். இலக்டோசு நீக்கிய பாலும் கடைகளிற் கிடைக்கின்றது. இவற்றிலும் கல்சியம் உண்டு.

லோறென்ஸ்கூக்கின் குளிர்காலம்

ஆனால் கல்சியம் குடலுக்குள் வந்தாற் போதாது. அதனை நன்கு உறிஞ்சுவதற்கு விற்றமின் டி அவசியம். இது குறைந்தால் பிள்ளைகளின் எலும்புகள் உறுதியிழந்து வளையக்கூடும். பெரியவர்களுக்கு எலும்பு நோவும் தசைச் சோர்வும் ஏற்படலாம்.

யாழ்ப்பாணம் புவிமையக் கோட்டிலிருந்து 10 பாகை வடக்கே உள்ளது. அங்கு வெயிலிலே திரிந்த எமது தோல் தானாகவே விற்றமின் டியை ஆக்கிக்கொண்டது. லோறென்ஸ்கூக் ஏறத்தாழ 60 பாகை வடக்கே உள்ளது. இங்கு குளிர்கால வெயிலில் அதற்குரிய கதிர்கள் போதியளவு இல்லை. கருமையான தோலுக்கு வெயிலும் கூடுதலாக வேண்டும். ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழ்வோரையும் ஒப்பிட்டு 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒஸ்லோவில் வாழ்வோரின் குருதியில் விற்றமின் டி மிகவும் குறைவாக இருப்பதைக் காட்டியது. உணவு முறையை மாற்றாமலே நாடு மாறியதன் விளைவுகளில் இதுவும் ஒன்று.

வெயில் தராததை உணவிலிருந்தே பெற வேண்டும். சமன், மக்ரெல், சில்ட் போன்ற கொழுப்பு மீன்களில் விற்றமின் டி உண்டு. 'ட்ரான்' எனப்படும் மீனெண்ணெயில் 5 மில்லிலீற்றர் அளவு ஒரு கரண்டி, ஒரு நாளுக்கு வேண்டிய 10 மைக்கிரோகிராமைத் தரும். இது கொழுப்பிற் கரைவதாதலால் சாப்பாட்டுடன் எடுப்பது சிறந்தது. எனினும் அளவுக்கு மிஞ்சினால் உடலிலே தேங்கித் தீங்கு செய்யும். ஆதலால் மீனெண்ணெயையும் விற்றமின் மாத்திரைகளையும் சேர்த்துக் கொடுக்குமுன் மருத்துவரிடமோ சுகாதார நிலையத்திலோ கேட்டறியுங்கள்.

பிள்ளைகளே, மீனெண்ணெயின் மணம் உங்களுக்குப் பிடிக்காதிருக்கலாம். ஆயினும் அம்மா கரண்டியை நீட்டும்போது முகத்தைத் திருப்பாதீர்கள். நீங்கள் குடித்த பாலின் பயன் உங்கள் எலும்பைச் சென்றடைய அந்தக் கரண்டியும் உதவுகின்றது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதே கரண்டியை நீங்கள் நீட்டவும் மறவாதீர்கள். அவர்களுக்கும் அதே குளிர்காலந்தானே!

மீட்டற் பயிற்சி

1. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது ஏன்?
2. பித்தநீரின் தொழில் யாது?
3. கீரைக்கறியில் தேசிக்காய்ப்புளி விடுவதன் நன்மை என்ன?
4. யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த உங்கள் பாட்டிக்கு வேண்டியிராத மீனெண்ணெய் உங்களுக்கு வேண்டியிருப்பது ஏன்? வீட்டிற் பெற்றோருடன் கலந்துரையாடி விடை எழுதுக.