வில்லையும் நிற்குமிடமும்

நுழையும்முன்

படக்கருவி வாங்கியவர் அடுத்து எதிர்கொள்ளும் வினா, எந்த வில்லையை வாங்குவது என்பதாகும். இரண்டு வில்லைகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை மதுரையின் காட்சிகளைக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

1858ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் மதுரையின் கட்டடங்களை ஒளிப்படமாக்கினார். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரான அவரிடம், இருந்த இடத்திலிருந்தே காட்சியைப் பெரிதாக்கும் ஜூம் வில்லை இல்லை. பெரிய படக்கருவியைச் சுமந்து சென்று, காட்சி முழுதும் அடங்கும் இடத்தைத் தேடி நிறுத்த வேண்டியிருந்தது. குவியத்தொலைவு மாறாத வில்லையைப் பயன்படுத்துவோர் இன்றும் அதையே செய்கின்றனர். இவ்வகை வில்லையைப் பிரைம் லென்ஸ் என்பர்.

ஒளியின் பயன்

ஜூம் வசதி இருக்கையில் பிரைம் வில்லை எதற்கு? ஒளிக்காக. தொடக்கநிலைப் படக்கருவியுடன் வரும் ஜூம் வில்லைகள் பலவற்றில், 50 மி.மீ. அளவை ஒட்டிய பெருமத் துளை எஃப் 5.6 ஆகும். எளிய பிரைம் வில்லையில் அது எஃப் 1.8. இத்துளை ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். வைகறையிலும் விளக்கொளியிலும் படம் தெளிவாக அமைய இது துணைசெய்கிறது.

ஒரு கணக்கு

எஃப் 1.8 துளையுடைய 35 மி.மீ., 50 மி.மீ. வில்லைகள் இரண்டில் ஒன்றையே வாங்க இயலும் எனக் கொள்வோம். துளை எண் ஒன்றே. ஆகவே ஒளியில் பெரிய வேறுபாடில்லை. வேறுபடுவது நாம் நிற்க வேண்டிய இடம். குவியத்தொலைவைக் காட்சியின் அகலத்தால் பெருக்கி, படக்கருவியின் உணரி அகலத்தால் வகுத்தால் அவ்விடம் எவ்வளவு தொலைவு என்பது ஏறத்தாழத் தெரியும்.

சித்திரை முழுநிலவு நாளில் கள்ளழகர் குதிரை வாகனத்தில் வையையாற்றில் எழுந்தருள்கிறார். குதிரையையும் சூழ நிற்போரையும் சேர்த்து 6 மீட்டர் அகலக் காட்சி வேண்டும். உணரியின் அகலம் 24 மி.மீ. என்க. 50 மி.மீ. வில்லைக்கு 12.5 மீட்டரும், 35 மி.மீ. வில்லைக்கு 8.75 மீட்டரும் விலகி நிற்க வேண்டும். மக்கள் வெள்ளத்தில் பின்னோக்கி நான்கு அடி வைப்பதே அரிது. அங்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேறுபாடு படம் கிடைப்பதையே முடிவுசெய்யும்.

முகமும் தொலைவும்

மல்லிகைச் சந்தையில் பூத்தொடுக்கும் மூதாட்டியின் முகத்தைப் படமாக்கும்போது நிலைமை மாறுகிறது. 35 மி.மீ. வில்லையில் முகம் சட்டத்தை நிறைக்க மிக நெருங்க வேண்டும். நெருங்கினால் மூக்கு பெரிதாகவும் செவிகள் சிறிதாகவும் தோன்றும். இம்மாற்றத்திற்குக் காரணம் வில்லையன்று, தொலைவே. 50 மி.மீ. வில்லை சற்று விலகி நிற்க இடந்தருவதால் முகம் இயல்பாக அமைகிறது. பின்புலமும் நன்கு மங்குகிறது. அலங்காநல்லூர் ஏறுதழுவுதலைப் பார்வையாளர் மாடத்திலிருந்து படமெடுக்க இவ்விரண்டுமே போதா. அதற்கு இன்னும் நீண்ட குவியத்தொலைவு வேண்டும்.

வாங்குமுன்

கையிலுள்ள ஜூம் வில்லையை ஒரு வாரம் 35 மி.மீ. அளவிலும் மறுவாரம் 50 மி.மீ. அளவிலும் மாற்றாமல் வைத்துப் படமெடுக்கலாம். எந்த வாரத்தில் பின்னே செல்ல இடமின்றித் தவித்தோம், எந்த வாரத்தில் அளவுக்கு மீறி நெருங்கினோம் என்பதைக் குறித்துவைத்தால் விடை கிடைக்கும். பழைய வில்லையாயின் உள்ளே பூஞ்சை படர்ந்துள்ளதா என்று விளக்கொளியில் பார்த்தல் நன்று. படக்கருவியுடன் பொருந்துமா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

திருமணப் படமெடுத்துப் பிழைக்கத் தொடங்கும் இளைஞருக்கு ஒரு வில்லையின் விலை பல நாள் உழைப்பு. பிறர் புகழ்ந்ததை வாங்குவதினும், தாம் நாள்தோறும் நிற்கும் இடத்திற்கு ஏற்றதை வாங்குவதே அவ்வுழைப்பிற்குச் செய்யும் மதிப்பாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பறையின் முன்சுவர் முழுதும் படத்தில் அடங்க, இரு வில்லைகளுக்கும் எவ்வளவு தொலைவு தேவை எனக் கணக்கிடுக. அவ்விடம் வகுப்பறைக்குள் உள்ளதா?
2. உங்கள் ஊர்த் திருவிழாவைப் படமெடுக்க எவ்வில்லை ஏற்றது? காரணங்களுடன் ஒரு பத்தி எழுதுக.