தலைவர் நாற்காலியில் நீங்களே உட்காருங்கள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்க, பராந்தக சோழன் காலத்தில், 921-இல் எழுதிய விதிகள்: வயது 35-லிருந்து 70-க்குள், கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. பெண் பெயர் அந்தக் குடத்துக்குள் விழ வழியே இல்லை. இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு; 2016-இல் சட்டம் திருத்தியாகிவிட்டது. ஆனால் "பொம்பளைக்கு என்ன தெரியும்" என்ற நினைப்பு போகவில்லை. நாமும் அதற்கேற்றபடி ஓரமாக உட்கார்ந்து பழகிவிட்டோம். நீங்கள் வார்டு உறுப்பினரோ, தலைவரோ, அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறவரோ, இன்றைக்கே தொடங்குங்கள்.

செய்ய வேண்டியவை

• தலைவர் நாற்காலியில் நீங்களே உட்காருங்கள். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். படம் வெளியான பிறகுதான் வழக்குப் பதிவானது.

• அலுவலகப் பலகையில் உங்கள் செல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் நம்பர் இருந்தால் பிடிஓ ஆபீஸ் போனும் குழாய்த் தண்ணீர்ப் புகாரும் அவருக்கே போகும். ஒரே மாதத்தில் ஊருக்கு அவர்தான் தலைவர்.

• கிராம சபையில் நீங்கள் பேசுங்கள், வருஷத்துக்கு 6 முறை வாய்ப்பு வருகிறது. ஒரு கூட்டத்தில், தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டதற்குத் தலைவரின் கணவர் எழுந்து "டேங்க் கழுவுறாங்க" என்றார். மோட்டார் எரிந்து நான்கு நாளாகிறது என்பது குடத்தோடு அலைந்த அந்தத் தலைவிக்குத் தெரியும். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

• தீர்மானத்தைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். படிக்க வராவிட்டால் அதில் வெட்கம் எதுவும் இல்லை.

• "இன்னார் சம்சாரம்" என்று சொல்லாமல், பெயரையும் பதவியையும் சொல்லி அறிமுகமாகுங்கள்.

செய்யக்கூடாதவை

• எழுதாத செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆன்லைனில் பணம் அனுப்பும் டிஜிட்டல் கையெழுத்துச் சாவியையும் பாஸ்வேர்டையும் யாரிடமும், வீட்டுக்காரரிடமும்கூட, கொடுத்து வைக்காதீர்கள். தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே போகும். கணக்கு இடித்தால் கலெக்டர் நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். அந்த உத்திரமேரூர்க் கல்வெட்டும் கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவருடைய உறவினரையும் தள்ளித்தான் வைத்தது.

• "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். நீங்கள் அடக்கமாகச் சொன்னதை அவர்கள் உண்மையென்றே எடுத்துக்கொள்வார்கள்.

• "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க" என்று அதிகாரி சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். "நான்தாங்க தலைவர், என்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே இருங்கள்.

• திமிர் என்பார்களோ என்று பயந்து குரலைத் தாழ்த்தாதீர்கள். அதே குரலில் ஆண் பேசினால் "கறாரான ஆளு" என்கிறார்கள்.

• இன்னொரு பெண் உறுப்பினரின் புடவையைப் பற்றியும் நடையைப் பற்றியும் ஊர் பேசும்போது நீங்களும் சேர்ந்துகொள்ளாதீர்கள். தீர்மானம் போட அவருடைய ஓட்டு உங்களுக்கு வேண்டும்.