கால்கட்டு போட்டால் தீருமா?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெயர் போடமாட்டேன், பயப்படாதே. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் உன்னை நீயே திட்டிக்கொண்டிருக்கிறாய். கேள்வி கடைசி அரைப் பக்கத்தில்தான் வருகிறது. திட்டுவதற்குத்தான் அண்ணன் நான் இருக்கிறேனே, அந்த வேலையை ஏன் எடுத்துக்கொண்டாய்?

"நான் செக்ஸ் அடிமையா?" என்கிறாய். இரவு பன்னிரண்டுக்குப் போனை எடுத்தால் மூன்று மணியாகிறது. விடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சத்தியம் செய்கிறாய். நாலு நாள் தாங்குகிறது, ஐந்தாம் நாள் மறுபடியும். இதை எழுத எவ்வளவு கூசியிருப்பாய் என்று தெரியும். எழுதினாயே, நல்லது.

ஆசை அதிகமாக இருப்பது நோயில்லை. சுயஇன்பமும் நோயில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டாய பாலியல் நடத்தை என்ற கோளாறு அதில் இருக்கிறது. ஆனால் குடி, சூதாட்டத்தோடு சேர்க்காமல், உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளோடு வைத்திருக்கிறார்கள். 'எத்தனை தடவை' என்ற கணக்கு அங்கே கிடையாது. ஆறு மாதமோ அதற்கு மேலோ, உடம்பும் வேலையும் உறவும் கெட்டும் நிறுத்த முடியவில்லையா, சுகமே இல்லாதபோதும் கை அங்கேயே போகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். 'இது தப்பு' என்ற உறுத்தல் மட்டுமே வேதனைக்குக் காரணமென்றால் இந்தக் கோளாறு என்று முடிவுகட்டக் கூடாது என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு உன் மூன்றரைப் பக்கத்தை ஒரு தடவை புரட்டிப் பார்.

"அப்போ எனக்கு ஒன்றுமில்லை!" என்று துள்ளாதே. வேலை போனதிலிருந்து தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, நண்பர்கள் கூப்பிட்டால் எடுப்பதில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். எனக்கு உன் கடிதத்தில் அந்த வரிதான் பெரிதாகத் தெரிகிறது. மனச்சோர்விலும் பதற்றத்திலும் இருப்பவர்கள் பலருக்கு இந்தப் பழக்கம் ஆசையால் வருவதில்லை. மனசு கனக்கிறது, கொஞ்ச நேரம் அதை மறக்க வேண்டும், அவ்வளவுதான். மறந்த பிறகு வெட்கம் வருகிறது, வெட்கத்தில் சோர்வு கூடுகிறது, கூடிய சோர்வு மறுபடியும் போனை எடுக்க வைக்கிறது. "மன உறுதி போதவில்லை" என்று நீ உன்னை அடிக்க அடிக்க இது வேகமாகத்தான் சுற்றும்.

வேறு காரணங்களும் உண்டு. இருதுருவ மனநோயின் எழுச்சிக் கட்டத்தில் தூக்கமே தேவைப்படாமல், செலவும் பேச்சும் காமமும் ஒன்றாகத் தலைக்கேறும். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சால் போன்ற மாத்திரைகளாலும் சிலருக்கு இப்படி ஆகிறது. அதனால்தான் டாக்டர் உன்னிடம் சம்பந்தமில்லாதது போலப் பலதும் கேட்பார். பதில் சொல்லு.

நீ செய்யப்போகும் தப்பும் எனக்குத் தெரியும். லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் வைத்தியரிடம் போய் நிற்பாய். அவர் 'நரம்புத் தளர்ச்சி' என்பார், லேகியம் தருவார், உன் பயத்தை இன்னும் ஊதிவிடுவார். விந்து போனால் சத்து போய்விடும் என்று நம்பி ஒடுங்கிப்போகிற இளைஞர்களைப் பார்த்துத்தான் மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-இல் அந்தத் துன்பத்துக்கு 'தாது நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். அந்தப் பயத்துக்கும் லேகியத்தில் மருந்தில்லை.

அதைவிடப் பெரிய தப்பு, "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறாயே, அது. தூக்கம் கெட்டு, தன்னையே வெறுத்துக்கொண்டிருக்கிற ஒருவனுக்கு ஒரு பெண்ணைக் கட்டிவைத்தால் இருவர் அழுவார்கள். வருகிறவள் உன் மருந்தா? எனக்கு இதில்தான் கோபம்.

மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போ. போகக் கூச்சமாக இருந்தால் 14416-க்குப் போன் போடு. அரசின் டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். நீ சொல்வதை ரகசியமாகக் காப்பது 2017 மனநலச் சட்டப்படி சிகிச்சை தருபவர்களின் கடமை. முதலில் தூக்கத்தைப் பற்றிச் சொல்லு, மற்றது தானாக வரும். பேச்சு சிகிச்சை உண்டு, சோர்வுக்கு மாத்திரை தேவையா என்று டாக்டர் பார்ப்பார். இன்று ராத்திரியே போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுப் படு.

தை மாதம் பெண் பார்க்கப் போவதாக அம்மா சொல்கிறார்கள் என்றாயே, தள்ளிப்போடச் சொல்லு. காரணமெல்லாம் சொல்ல வேண்டாம். "உடம்பு சரியாகட்டும்மா" என்றால் போதும். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்