செயினுக்குச் சொட்டு எண்ணெய்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு அடிக்கடி பைக்கில் போய்வருபவரா? மழையும் புழுதியும் மாறி மாறிப் பட்டால் செயின் சீக்கிரம் வறண்டு கீச்சிடும். வண்டி ஓடும்போதே எண்ணெய் விடும் தானியங்கி ஆயிலரைப் பொருத்தலாம். செயின் முழுக்க மூடியிருக்கும் வண்டிக்கு இது அவ்வளவு அவசியமில்லை. திறந்த செயினுக்குத்தான் பலன்.

ஸ்காட்லாந்தின் ஸ்காட்டாய்லர் வகையில், இன்ஜின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடமே வால்வைத் திறக்கிறது. இன்ஜினை அணைத்தால் சொட்டுவதும் நின்றுவிடும். வெற்றிடக் குழாய் இணைப்பில் காற்று கசியக் கூடாது. கசிந்தால் ஐடிலிங் தடுமாறும்.

எண்ணெய்க் குழாயின் முனையைப் பொருத்துவதில்தான் முழுக் கவனமும் வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட்டின் பக்கவாட்டில், கீழ்ப்பகுதியில், பற்களுக்குச் சற்று உள்ளே அது தொட வேண்டும். சுழலும் வேகமே எண்ணெயைச் செயினுக்குத் தள்ளிவிடும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சொட்டு போதும். அதிகம் விட்டால் டயரில் தெறிக்கும்; தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அது உயிருக்கே ஆபத்து. ஆகவே முதல் நாள் ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, நிறுத்தி, டயர் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

ஆயிலர் இல்லையா? 500 கி.மீ.க்கு ஒருமுறை, ஓட்டி முடித்த சூட்டோடு 90 கியர் ஆயில் விடுங்கள். ஓ-ரிங் செயினைப் பெட்ரோலால் கழுவ வேண்டாம், ரப்பர் கெடும். துடைக்கும்போது இன்ஜின் அணைந்திருக்கட்டும், சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். கியரில் ஓடவிட்டுத் துணி பிடித்தால் விரல் போய்விடும்.