வருகை அட்டை மாறிவிட்டது: தெரிந்துகொள்வோம்

நம்ம பூட்டன், பாட்டன் மண்டபம் முகாம் வழியா வந்தப்போ, அவங்களுக்கு அடையாளம் தோட்ட எண் பொறித்த தகரத் துண்டு. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனும் இங்கேதான் பிறந்தார் என்று காட்டப் பத்திரம் இல்லாத லட்சக்கணக்கான நம்மவர் நாடற்றவரானார்கள். பதிவு என்பது சின்ன விஷயமல்ல.

இந்தியாவில் உள்ள சொந்தக்காரரைப் பார்க்க லக்கலயிலிருந்து போகிறவர்கள் கவனியுங்கள். விமான நிலையத்தில் நிரப்பிக் கொடுத்த காகித அட்டைக்குப் பதிலாக, 2025 அக்டோபர் 1 முதல் மின்னணு வருகை அட்டை வந்துள்ளது.

1. போய்ச் சேர்வதற்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்புங்கள்.
2. கட்டணம் கிடையாது. தரகருக்குக் காசு கொடுக்காதீங்க.
3. இது விசா அல்ல; விசா தனியாக எடுக்க வேண்டும்.
4. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுத்துப் பிசகாமல் பதியுங்கள்.

கைபேசி பழக்கமில்லாதவர்களுக்குப் படித்த பிள்ளைகள் உதவட்டும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை மட்டும் எந்தக் காலத்திலும் பத்திரமா வையுங்க!