பசித்த மண்ணும் புறக்கடைத் தோட்டமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

தர்மபுரி மாவட்டத்து மண் வளமற்றது என்று வெளியூர் நண்பர்கள் கூறக் கேட்டிருக்கிறேன். அது முழு உண்மையன்று. பாலக்கோட்டுத் தக்காளியும் காரிமங்கலத்து மாவும் இம்மண்ணில் விளைந்துதானே ஊர் ஊராகச் செல்கின்றன? வளமற்ற மண் என்பதைவிடப் பசித்த மண் என்பதே பொருந்தும். இரை போட்டால் விளைகிறது. போடாவிட்டால் கத்தரிச்செடி முழங்கால் உயரத்தோடு நின்றுவிடுகிறது. (எங்கள் பக்கத்தில் புன்செய் நிலத்தையே 'கொல்லை' என்போம். நான் இங்கு எழுதுவது வீட்டின் பின்புறம் உள்ள இரண்டு, மூன்று சென்ட் இடத்தைப் பற்றி மட்டுமே.)

இந்தச் சிறு இடத்தில் நமக்கு மற்ற மாவட்டத்தாரைவிட அதிக அக்கறை வேண்டும். நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பது யாவரும் அறிந்ததே. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நம் கிணறுகள் பல அதைக் கடந்தவை. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதற்கு இதுவும் காரணம். கால்சியமும் வைட்டமின் சி-யும் குறைந்த உணவை உண்பவரையே ஃபுளோரைடு கூடுதலாக வாட்டும். பல்லில் கறை விழுந்த குழந்தைகளை நாம் பார்த்திருக்கிறோம். முருங்கைக்கீரையும் கொய்யாவும் நெல்லியும் அவர்களுக்கு நாள்தோறும் வேண்டும். விலை கொடுத்து வாங்க இயலாத வீட்டிற்குப் புறக்கடையே கதி.

சரி, மண்ணுக்கு என்ன நோய்? செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடினால் வருவது. அதிலுள்ள களி பெரும்பாலும் கயோலினைட் வகை. சத்துகளைப் பிடித்து வைக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு: 100 கிராமுக்கு 3 முதல் 15 மில்லி ஈக்விவலண்ட் மட்டுமே. மட்குக்கோ அது 200 அளவில் இருக்கிறது! ஆகவே மட்கு இல்லாத செம்மண்ணில் போடும் உரம் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீர்தான். மேலும், மழைத்துளி விழுந்ததும் மண்கட்டிகள் உடைந்து, நுண்துகள்கள் துளைகளை அடைத்து, காய்ந்தபின் ஓடுபோல் இறுகிவிடும். கீரை விதை அந்த ஓட்டைத் துளைத்து வெளிவர முடியாமல் உள்ளேயே மடியும். 'விதை சரியில்லை' என்று நாம் கடைக்காரரைக் குறை சொல்வோம்.

இங்கு வள்ளுவரோடு ஒரு சிறு வழக்கு உண்டு. புழுதியை நன்றாகக் காயவிட்டால் பிடி எருவும் வேண்டாம் என்பது ஒரு குறளின் கருத்து. நம் செம்மண்ணில் அது செல்லாது என்றே நினைக்கிறேன். பொடியாக்கிய புழுதிதான் முதல் மழையில் ஓடாகிறது. அடுத்த குறளில் உழுவதைவிட எருவிடுதல் நன்று என்கிறாரே, அதைத்தான் நாம் பற்றிக்கொள்ள வேண்டும்.

இறுகும் செம்மண்ணுக்கு ஹெக்டேருக்கு 2 டன் சுண்ணாம்பும் 12.5 டன் தொழுவுரமும் இடலாம் என்பது வேளாண் துறையினர் கூறும் அளவு. நம் கணக்கில் சென்ட்டுக்கு 8 கிலோ சுண்ணாம்பு, 50 கிலோ எரு. கால்சியம் களித்துகள்களை ஒன்றுசேர்த்துப் பொலபொலப்பாக்கும். ஆனால் எல்லா இடத்திலும் சுண்ணாம்பு கூடாது. ஒரு பிடி மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி விடுங்கள். நுரைத்தால் சுக்கான்கல் கலந்த மண்; அதில் சுண்ணாம்பு ஏற்கெனவே மிகுதி. அங்கு இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இரும்புச் சத்து கிடைக்காமையால். அத்தகைய மண்ணுக்கு எரு மட்டும் போதும்.

எருவுக்கு எங்கே போவது? மாடு குறைந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் நிலக்கடலைத் தொட்டி, வேப்பந்தழை, புங்கந்தழை, பட்டுப்புழு வளர்ப்போர் ஒதுக்கும் மல்பெரிக் கழிவு இவையெல்லாம் நம் ஊரிலேயே கிடைப்பவை. ஏரி வண்டலும் உண்டு. 2017 முதல் அரசு அதைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வழி செய்திருக்கிறது, உரிய அனுமதி பெற வேண்டும். கிடை போடும் ஆட்டுக்காரரிடம் புழுக்கை கேட்டால் தருவார்.

காய்ந்த சருகையும் தென்னை நார்க்கழிவையும் அப்படியே மண்ணில் புதைப்பது மட்டும் ஆகாது. பச்சை நார்க்கழிவில் கரியும் தழைச்சத்தும் 112-க்கு 1 என்ற விகிதத்தில் உள்ளன. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து பறித்துக்கொள்ளும், செடி வெளுக்கும். ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் இட்டு மட்கவைத்தால் விகிதம் 24-க்கு 1 ஆகிறது. பிறகு அது தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரைத் தாங்கும். சருகானால் சாணக்கரைசலைத் தெளித்து அடுக்கடுக்காகப் போட்டு, அவ்வப்போது கிளறிவிட வேண்டும். ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ந்து வகுத்ததும் ஏறத்தாழ இதே முறைதான். எங்கள் வீட்டு எருக்குழியை நாங்கள் கிளறுவதில்லை. ஓராண்டு அப்படியே கிடக்கும். அதுவும் மட்கும், காலம்தான் கூடுதல்.

எருவே கிடைக்காதவர் ஆடிப்பட்டத்திற்கு முன் சணப்பையோ கொழிஞ்சியோ விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கிவிடலாம். கொழிஞ்சி விதையின் தோல் கடினம். மணலோடு சேர்த்துத் தேய்த்தே விதைக்க வேண்டும். கொள்ளும் உதவும், அதன் வேர்முண்டுகளில் வாழும் ரைசோபியம் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும்.

இடம் மிகச் சிறிதானால் மண் முழுவதையும் திருத்த முயல வேண்டாம். முருங்கைக்கும் கொய்யாவுக்கும் ஒன்றரை அடி ஆழ, அகலக் குழி வெட்டி, மேல்மண்ணோடு 10 கிலோ எருவும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்பினால் போதும். செடியைச் சுற்றிச் சருகு மூடாக்கு அவசியம். நம் வெயிலில் மட்கு வெகுவிரைவில் எரிந்துபோகும். ஆகவே ஆண்டுதோறும் மறுபடி இட்டாக வேண்டும். குளியலறை நீரை வாழைக்கு விடுவோர் சோப்பில் உள்ள சோடியத்தை எண்ணிப் பார்க்கட்டும்: ஒரே குழியில் நாள்தோறும் விடாமல், இடம் மாற்றி மாற்றி விடுவது நல்லது.