இலண்டன் நாடகப் பள்ளித் தேர்வுகள்

நடிப்புப் பயில விழைவோர் பலர் நாடுவது இலண்டன் நாடகப் பள்ளிகளை. 1904இல் தோன்றிய ‘ராடா’ அவற்றுள் புகழ்மிக்கது. இப்பள்ளிகளின் தேர்வுகள் குளிர்காலத்திலும் அதையடுத்த மாதங்களிலும் நெருங்கி வருகின்றன. ஒருவரே நான்கைந்து பள்ளிகளில் நடித்துக்காட்ட நேரும். எதிலும் இடம் கிடைக்காவிடில் ஓராண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

வழக்கமாகக் கேட்கப்படுவன இரண்டு தனிமொழிகள். ஒன்று ஷேக்ஸ்பியர் காலத்தது; மற்றொன்று இக்காலத்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 அல்லது 3 நிமிடங்களே. பள்ளிக்கொரு பகுதியாகப் பத்தை உருப்போடுவதைவிட, மூன்று நான்கை மனத்தில் ஊறவைத்துக்கொள்வதே நலம் என்பேன். ஏனெனில் தேர்வாளர் இடைமறித்து, “அதையே சினமின்றிச் சொல்லுங்கள்” எனலாம். ஒரே ஏற்ற இறக்கத்தில் பழகிய நாக்கு அங்கே தடுமாறும். ஆகவே அதே வரிகளை நண்பனிடம் கெஞ்சுவது போலவும், பகைவனை எச்சரிப்பது போலவும், தனக்குள் முணுமுணுப்பது போலவும் பேசிப் பழக வேண்டும்.

நாடகத்தை முழுமையாகப் படித்திருப்பதும் இன்றியமையாதது. ஹாம்லெட்டின் தனிமொழியை மட்டும் அறிந்தவருக்கு, அவன் தந்தையை இழந்த துயரம் எங்ஙனம் விளங்கும்? (குறிப்பேட்டை மட்டும் படித்துத் தேர்வெழுதும் நம் வழக்கம் அங்கே செல்லாது!)

முதற்சுற்றுக்குக் காணொளிப் பதிவைக் கேட்கும் பள்ளிகளும் இன்று உண்டு. பதிவைப் பலமுறை திருத்தி எடுக்கலாம். அடுத்த சுற்றில் நேரில் நிற்கும்போது ஒரே வாய்ப்புதான்.